மறதி நோயும் சுமப்பவரின் சுமையும்

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். ஒரு செம்பு நிறைய நீர் எடுத்துக்கொள்ளுங்கள். கையை நேராக நீட்டி, தோள் உயரத்தில் செம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். கை நடுங்கும்; தோள் வலிக்கும்; சிலருக்கு வியர்க்கவும் செய்யும்.

இப்போது உங்கள் இயற்பியல் பாடநூலைத் திறந்து பாருங்கள். விசையையும், அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கினால் கிடைப்பதே வேலை. செம்பு நகரவில்லை. ஆகவே செம்பின் மீது நீங்கள் செய்த வேலை சுழி! அப்படியானால் இவ்வளவு களைப்பு எங்கிருந்து வந்தது?

விடை தசைக்குள் இருக்கிறது. வெளியே கை அசையாமல் இருப்பினும், உள்ளே தசையிழைகள் முறை வைத்துச் சுருங்குவதும் தளர்வதுமாக ஓயாமல் இயங்குகின்றன. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஆற்றல் செலவாகி, வெப்பமாக மாறுகிறது. வெளியே தெரியும் வேலை சுழி; உள்ளே செலவாகும் ஆற்றலோ மிகுதி.

இப்பாடத்தை நான் கல்லூரியில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஆனால் அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது வகுப்பறையில் அன்று. திருத்தணியில் உள்ள எங்கள் வீட்டில்தான். மறதி நோய்க்கு ஆளான என் தாத்தாவை என் தாயார் ஏழு ஆண்டுகள் கவனித்துக்கொண்டார். ஒருநாள் மாலை அவர் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, "வீட்டில்தானே இருக்கிறீர்கள், அப்படி என்ன வேலை?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அறிவியல் கூறும் விடையைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

சித்தூர் ஜில்லாவைத் தேடியவர்

2017-ஆம் ஆண்டு ஆடிக் கிருத்திகையன்று தாத்தா காணாமற்போனார். அப்போது அவருக்கு வயது 77. மலையைச் சுற்றிலும் காவடிக் கூட்டம். அம்மா கடையில் சில்லறை வாங்கித் திரும்புவதற்குள் ஆள் இல்லை. மறுநாள் மாலைதான் எல்லைக்கு அப்பால், ஆந்திரத்தில் ஒரு ரயில் நிலையத்தில் அவர் கிடைத்தார்.

அங்கிருந்த காவலர்கள் அவரிடம் அன்பாகவே விசாரித்திருக்கிறார்கள். அவரும் தெளிவான தெலுங்கில் தம் ஊர்ப் பெயரைச் சொல்லி, "சித்தூர் ஜில்லா" என்றும் சொல்லியிருக்கிறார். சித்தூர் மாவட்டம் முழுவதும் அந்த ஊரைத் தேடியிருக்கிறார்கள்; கிடைக்கவில்லை. கடைசியில் நிலையத்தின் வெளியே தேநீர்க் கடை வைத்திருந்த ஒரு முதியவர்தான், "அந்த ஊர் அறுபதிலேயே மதராஸ் பக்கம் போய்விட்டதே!" என்று சொன்னாராம்.

தாத்தா பொய் சொல்லவில்லை. திருத்தணி வட்டாரம் ஒருகாலத்தில் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லைப் போராட்டங்களுக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அப்போது தாத்தாவுக்கு இருபது வயது. அதன் பிறகு செங்கற்பட்டு மாவட்டம், பின்னர் 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் என்று முகவரி மாறிற்று. ஆனால் அவர் மூளையில் பிந்திய ஏடுகள் ஒவ்வொன்றாகக் கிழிந்துவிட்டன. எஞ்சியிருந்தது 1960-க்கு முந்திய ஏடு.

இது ஏன் இவ்வாறு நிகழ்கிறது?

மறதியும் மறதி நோயும்

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி. அது நம் எல்லாருக்கும் உண்டு. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, 'இது எதற்கு?' என்று விழிப்பது மறதி நோய். இதனை மருத்துவர் டிமென்ஷியா என்பர். நினைவு மட்டுமின்றி மொழி, கணக்கு, திசையறிவு, முடிவெடுத்தல், நடத்தை ஆகியவையும் படிப்படியாகக் கெட்டு, அன்றாட வாழ்வை ஒருவர் தாமே நடத்த இயலாத நிலையே டிமென்ஷியா. நம் வீடுகளில் 'புத்தி பேதலித்துவிட்டது' என்றும், 'குழந்தை மாதிரி ஆகிவிட்டார்' என்றும் சொல்வதுண்டு. ஈழத் தமிழர் இதனை 'அறளை பெயர்தல்' என்பர். இப்படிப் பெயர் இருந்தும், இது மூளையின் நோய் என்பதை நாம் உணரவில்லை. 'வயதானால் இப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். நாங்கள் முதலில் சென்று கண்ட மருத்துவரும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு இந்நோய் இருப்பதாக, 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. எண்ணிக்கையில் ஏறத்தாழ 88 இலட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடச் சிற்றூர்களிலும் இது மிகுதி. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே, குடும்பத்தாரின் கையிலேயே இருக்கிறார்கள்.

நோய் ஒன்றன்று

டிமென்ஷியா என்பது காய்ச்சல் என்பதைப் போன்ற ஒரு பொதுப்பெயர். காய்ச்சலுக்குக் கொசுவும் காரணமாகலாம், கெட்ட நீரும் காரணமாகலாம் அல்லவா? அதுபோல டிமென்ஷியாவிலும் பல வகைகள் உண்டு. வகை மாறினால் வீட்டாரின் சுமையும் மாறுகிறது. நான்கு வகைகளை மட்டும் இங்கே காண்போம்.

முதலாவது அல்சைமர் நோய். இதுவே மிகப் பரவலானது. 1901-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மருத்துவமனைக்கு 51 வயதுப் பெண்மணி ஒருவரை, ரயில்வேயில் எழுத்தராக இருந்த அவருடைய கணவர் அழைத்துவந்தார். வீட்டில் வைத்துச் சமாளிக்க அவரால் இயலவில்லை. அப்பெண்மணியை ஆராய்ந்தவர் அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர். 1906-இல் அவர் இறந்தபின் மூளையை உருப்பெருக்கியில் பார்த்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் அல்சைமர் கண்டார். திட்டுகள் அமிலாய்டு என்னும் புரதத்தால் ஆனவை. இழைகள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை என்பதை இன்று அறிவோம். நோயின் பெயர் மருத்துவ வரலாற்றில் இப்படிப் பதிவாயிற்று. முதல் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துத் தோற்ற கணவரின் பாடு பற்றி மட்டும் எந்தப் பாடநூலும் விரித்துரைப்பதில்லை.

இந்நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸ் என்னும், கடற்குதிரை வடிவுடைய சிறு பகுதியை. புதிய செய்திகளை நினைவில் பதிக்கும் எழுத்தர் அதுவே. எழுத்தர் படுத்துவிட்டால் புதிய பதிவு நடக்காது. பழைய ஏடுகள் சில காலம் பத்திரமாக இருக்கும். ஆகவேதான் காலையில் சாப்பிட்டதை மறந்தவர், அறுபது ஆண்டுக்கு முந்திய ஜில்லாவின் பெயரைப் பிழையின்றிச் சொல்கிறார். இவ்வகையில் வீட்டாரின் சுமை என்பது ஒரே கேள்வியை நாளெல்லாம் கேட்பது, வெளியே சென்று வழி தவறுவது, பழி சுமத்துவது ஆகியவை. தாத்தா தம் சுருக்குப்பையைத் தாமே எங்கேயோ ஒளித்துவிட்டு, "மருமகள் எடுத்துக்கொண்டாள்" என்று தெரு முழுவதும் சொல்வார். வைத்த நினைவு பதியவில்லை. பை இல்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இடையில் உள்ள பள்ளத்தை மூளை ஒரு கதையால் நிரப்புகிறது. காரணம் இதுதான் என்று அறிந்தபின்னும் அம்மாவுக்கு வலிக்கத்தான் செய்தது. அறியாத காலத்தில் எவ்வளவு வலித்திருக்கும்!

இரண்டாவது, இரத்தக்குழாய் சார்ந்த டிமென்ஷியா. மூளைக்குச் செல்லும் நுண்ணிய குழாய்கள் அடைபட்டு, ஆங்காங்கே திசுக்கள் மடிவதால் வருவது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் கவனிக்கப்படாமல் இருப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு மிகுதி. அல்சைமர் நோய் சரிவில் இறங்குவதுபோல மெல்ல இறங்கும். இதுவோ பல நேரங்களில் படிப்படியாக இறங்கும். சில மாதங்கள் ஒரே நிலை, பிறகு திடீரென்று ஒரு படி கீழே. பக்கவாதமும் சேர்ந்திருந்தால் தூக்குவதும் திருப்புவதும் குளிப்பாட்டுவதும் வீட்டாரின் முதுகில் விழுகின்றன.

மூன்றாவது, லூயி உருண்டைகள் சார்ந்த டிமென்ஷியா. நரம்பணுக்களுக்குள் காணப்படும் சிறு உருண்டைகளை 1912-இல் பிரடெரிக் லூயி விவரித்தார். அவற்றால் டிமென்ஷியாவும் வருவதை 1976 முதல் ஜப்பானிய மருத்துவர் கொசாகா எடுத்துக்காட்டினார். இந்நோயாளி காலையில் தெளிவாகப் பேசுவார், மாலையில் குழம்புவார். இல்லாத குழந்தைகளும் விலங்குகளும் அறையில் இருப்பதாகக் காண்பார். உறக்கத்தில் கத்துவார், கைகால்களை வீசுவார்; நடை தடுமாறி விழுவார். நம் ஊர்களில் இதனைப் பேய் என்றும் செய்வினை என்றும் எண்ணிக் காசையும் காலத்தையும் இழப்போர் உண்டு. 'நேற்று நன்றாகத்தானே இருந்தார், இன்று நடிக்கிறார்' என்று எண்ணுவோரும் உண்டு. ஒரு முக்கியமான எச்சரிக்கை: மனக்குழப்பத்தை அடக்கத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற சில மருந்துகள் இவர்களுக்குப் பெருந்தீங்கு செய்யக்கூடும். ஆகவே இல்லாத உருவங்கள் தெரிவதையும் நடைத் தடுமாற்றத்தையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, மூளையின் முன்மடலையும் பக்கமடலையும் தாக்கும் வகை. 1892-இல் பிராக் நகரத்து ஆர்னால்டு பிக் முதன்முதலில் இதனை விவரித்தார். இது பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குகிறது. தொடக்கத்தில் நினைவு நன்றாகவே இருக்கும், கெடுவது நடத்தை. கண்ணியமாக வாழ்ந்தவர் பொது இடத்தில் தகாதன பேசுவார். கடையில் பொருளை எடுத்துக்கொண்டு காசு தராமல் நடப்பார். மனைவி அழுதாலும் முகத்தில் இரக்கம் தோன்றாது. இனிப்பைக் கண்டால் விடமாட்டார். இது நோய் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. குணக்கேடு என்றே ஊர் பேசும். வேலை பறிபோகும் வயதும் பிள்ளைகள் படிக்கும் வயதும் இதுவே. இந்த வகையில் வீட்டாரின் சுமை அல்சைமர் வகையைக் காட்டிலும் கூடுதல் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நினைவை இழந்தவர்மீது இரக்கம் பிறக்கிறது. இரக்கத்தையே இழந்தவர்மீது இரக்கம் கொள்வது எளிதன்று.

சுமையை அளக்க முடியுமா?

அளக்க முடியாததை இயற்பியலார் நம்பமாட்டார்கள். உளவியலாரும் அவ்வாறே. 1980-இல் ஸ்டீவன் சாரிட் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும், கவனிப்பவரின் சுமையை அளக்க ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். இன்று வழக்கில் உள்ள வடிவில் 22 வினாக்கள். தமக்கென நேரம் இருக்கிறதா, உடல்நலம் குன்றியதா, கோபமும் வெட்கமும் வருகின்றனவா, உறவினரும் நண்பரும் விலகினரா, பணம் போதுகிறதா என்ற வகையில் அவை அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. 20 வரை சிறு சுமை; 60-க்கு மேல் கடுஞ்சுமை.

இதைப் படித்த அன்று அம்மாவிடம் அவ்வினாக்களைத் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கூட்டிப் பார்த்தால் 58. அம்மா எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஏம்பா, இதையெல்லாம்கூடக் கேட்பார்களா?" என்று மட்டும் கேட்டார். அதே வாரம் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, அவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. தாத்தாவுக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தவர், தமக்கென்று மருத்துவமனைப் படி ஏறி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. வீட்டில் கவனிப்போர் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேரம் இதற்கே செலவிடுகிறார்கள் என்றும், மொத்தக் கவனிப்பு நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நம் நாட்டில் இத்துறை ஆய்வு வளர்ந்ததற்கு ஒரு கதை உண்டு. 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தம் குழுவுக்கு '10/66' என்று பெயரிட்டனர். உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அந்நாடுகளில் நடக்கவில்லை என்பதே அப்பெயரின் பொருள். இக்குழு தேர்ந்த இந்திய ஆய்வுக் களங்கள் இரண்டும் தமிழ்நாட்டிலேயே இருந்தன: ஒன்று சென்னை நகரம், மற்றது வேலூர் அருகே உள்ள சிற்றூர்ப் பகுதி. கூட்டுக்குடும்பம் இருப்பதால் நம் நாட்டில் சுமை குறைவு என்ற எண்ணம் முழு உண்மை அன்று என்பதை இத்தகைய ஆய்வுகள் புலப்படுத்தின. வீட்டில் எட்டுப் பேர் இருக்கலாம். செம்பைப் பிடித்திருக்கும் கை பெரும்பாலும் ஒன்றே.

இருமொழி ஊர் தரும் ஒரு செய்தி

எங்கள் ஊர் போன்ற எல்லையூர்களில் வாழும் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று. ஐதராபாத்தில் உள்ள நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோர். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இத்தாமதம் காணப்பட்டது. பிற நாடுகளில் நடந்த சில ஆய்வுகளில் இப்பயன் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இருமொழி நோயைத் தடுப்பதில்லை, தள்ளிப்போடக்கூடும், அவ்வளவே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவிப்போகலாம். தாத்தாவின் வீட்டுமொழி தெலுங்கு. கடைசி இரண்டு ஆண்டுகளில் தமிழ் அவரை விட்டு அகன்றது. அம்மாவோ காஞ்சிபுரத்துக்காரர். "நீள்ளு" என்றால் நீர், "ஆகலி" என்றால் பசி என்று ஐம்பது வயதில் தெலுங்கு கற்றுக்கொண்டார்.

சும்மாடும் சுமைதாங்கியும்

10 கிலோ மூட்டையைத் தலையில் வைத்தால் வலிக்கிறது. அதே மூட்டையைச் சும்மாட்டின் மேல் வைத்தால் தாங்க முடிகிறது. எடை குறைந்ததா? இல்லை. 20 சதுர செ.மீ. பரப்பில் அழுத்திய எடை 100 சதுர செ.மீ. பரப்பில் பரவியது, அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காயிற்று. பெரும்பாலான டிமென்ஷியா வகைகளை முழுதும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. எடையைக் குறைக்க இயலாதபோது பரப்பைக் கூட்டுவதே அறிவுடைமை.

முதலில், நோய் எது என்று அறியுங்கள். பி12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உறைந்த இரத்தம் போன்ற, சரிசெய்யக்கூடிய காரணங்களும் மறதியைத் தரும். அவற்றைச் சோதிக்காமல் 'வயதாகிவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டாவது, வாதிடாதீர்கள். "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று தேர்வு வைக்காதீர்கள். இறந்துபோன தம் தாயைத் தேடுபவரிடம் மரணச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, அந்தத் தாயைப் பற்றிப் பேசச் சொல்வது இருவருக்கும் நல்லது. குளியல், உணவு, உறக்கம் ஆகியவற்றுக்கு மாறாத நேரம் வையுங்கள். சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையைத் தைத்துவிடுங்கள். எல்லையூர்க்காரர்கள் அதை இரு மொழியிலும் எழுதுங்கள். இன்றைய மாவட்டத்தின் பெயரைக் குறிக்க மறவாதீர்கள்!

மூன்றாவது, மணிக்கணக்காகப் பங்கிடுங்கள். 'முடிந்தபோது உதவுகிறேன்' என்பது உதவியன்று. நாங்கள் ஒரு தாளில் ஏழு நாட்களையும் 24 மணி நேரத்தையும் கட்டம் போட்டு எழுதினோம். 168 கட்டங்களில் உறக்கம் போக மீதி அனைத்திலும் அம்மாவின் பெயரே இருந்தது. பார்த்தபின் அப்பாவும் நானும் பேசிக்கொள்ளவில்லை. கட்டங்களில் எங்கள் பெயரை எழுதினோம்.

நான்காவது, பயிற்சி பெற்றவரின் துணையை நாடுங்கள். கோவாவில் 81 குடும்பங்களிடம் ஓர் ஆய்வு நடந்து 2008-இல் வெளிவந்தது. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி தந்து, வீடு தேடி அனுப்பி, நோயை விளக்கவும் வழி சொல்லவும் காதுகொடுத்துக் கேட்கவும் செய்தனர். ஆறு மாதத்தில் கவனிப்போரின் மனநலம் மேம்பட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் உங்கள் தெருவுக்கு வரும்போது, முதியவருக்கு மட்டுமின்றிக் கவனிப்பவருக்கும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் உள்ளன. முதியோர் மருத்துவத்துக்கெனத் தனிப் பிரிவு இந்தியாவில் முதன்முதலில் 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ. செ. நடராசனின் முயற்சியால் தொடங்கிற்று. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. 1992-இல் கேரளத்தில் தோன்றிய அல்சைமர் சங்கமும், சென்னை அண்ணா நகரில் உள்ள ஸ்கார்ஃப் நிறுவனமும் குடும்பத்தாருக்கு வழிகாட்டுகின்றன.

மாணவர்களுக்கு ஒரு சொல். இளமைக் கல்வி, செவித்திறன், பார்வை, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், தனிமை முதலான 14 காரணிகளை வாழ்நாள் முழுதும் கவனித்தால், உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024-இல் லான்செட் ஆய்வுக்குழு கூறிற்று. முதுமைக்கான பாதுகாப்பு உங்கள் வயதிலேயே தொடங்குகிறது.

தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் இறக்கிச் சற்றே மூச்சு வாங்குவார். பிறகு தூக்கிக்கொண்டு நடப்பார். கல் சுமையைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் நடப்பவர் ஊர் போய்ச் சேரமாட்டார்.

திருத்தணி மலைக்கு ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள் என்பார்கள். மாதந்தோறும் கிருத்திகைக்குப் படியேறும் வழக்கமுடைய அம்மா நான்கு ஆண்டுகளாக ஏறவில்லை. கட்டம் போட்ட தாளில் எங்கள் பெயர் ஏறிய மாதம், அவர் ஏறினார். அந்த மூன்று மணி நேரம் நான் தாத்தாவின் அருகில் இருந்தேன். அவர் என்னிடம் ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்டார். நான் எதையும் தூக்கவில்லை; எங்கும் நகரவில்லை. இயற்பியல் கணக்குப்படி நான் செய்த வேலை சுழி. அம்மா திரும்பி வந்தபோது எழுந்து நிற்கவும் எனக்குத் தெம்பில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். நோயாளி எப்படியிருக்கிறார் என்று விசாரிப்பதோடு நில்லாமல், கவனிப்பவர் எப்படியிருக்கிறார் என்றும் கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல், இரண்டு மணி நேரம் செம்பை வாங்கிப் பிடியுங்கள்.